எழுபத்து மூன்று அடி

ஈரோட்டு மணிக்கூண்டில்
முள் நாலு காட்டியது,
மணி ஐந்து அடித்தது.

முள்ளுக்கு நேரம் தெரியும்.
சுத்தியலுக்குத் தெரிந்தது
பள்ளத்தில் கொண்டி விழும்வரை எண்ணுவது மட்டும்.
பின்னால் திருப்பினால் பல் உடையும்.

பிட்டர் செவந்தியப்பன் கொண்டியைத் தூக்கிவிட்டான்.
ஆறு. ஏழு. எட்டு.

ஜவுளிக்கடையில் ஒருவர் ஷட்டரைப் பாதி இறக்கி,
வெயிலைப் பார்த்து, மறுபடி ஏற்றினார்.
பன்னிரண்டு. ஒன்று.
"ஏனுங்க, இது எந்த ஊர்க் கணக்குங்க?"
லுங்கி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நல்லாத்தாள் கேட்டாள்.

மூன்று. நாலு.
பதினொரு மணி நேரம் ஊரைத் தாண்டிப் போயிருந்தது.
அவள் கையில் டீ இன்னும் சுட்டது.

மேலே ஒருவன்
காதைப் பொத்தக் கை இல்லாமல்
விரல்விட்டு எண்ணி முடித்திருந்தான்.

பிறகு ஐந்து மணிக்கு
ஐந்து அடித்தது.
யாரும் நிமிரவில்லை.