மூன்றும் ஐந்தும்

ஆறு இன்ஜெக்டர்களையும்
ரொட்டி சுற்றும் துணியில் முடிந்துகொண்டு
காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார் தோக்தோசுன்.
வெளியே உலான்.
பலிக்சியில் காற்றுக்குப் பெயர் உண்டு,
தினமும் வருகிற ஆளுக்குப் பெயர் வேண்டாமா?

"கணவாய் ஏறும்போது கரும்புகை, புரூல்கான்.
மூன்றாவது செத்துவிட்டது.
அதை மட்டும் மாற்றிக் கொடு."

தீர்ப்போடு வருகிறவர்களிடம்
நான் வாதாடுவதில்லை.
எண்ணெய் நாற்பது டிகிரிக்குச் சூடாகட்டும் என்பேன்.
குளிர்ந்தால் தடித்துப் பொய் சொல்லும்,
கொதித்தால் இளகி வேறு பொய்.

முதலில் கசிவு.
திற என்று சொல்லாமல்
அழுத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டு
சும்மா இருக்கிறதா என்று பார்ப்பது.
சும்மா இருப்பதுதான் கடினமான பரீட்சை.
நுனியில் ஒரு சொட்டு துளிர்த்தாலும் தோல்வி.
ஆறும் வறண்டு நின்றன.

பிறகு ஆயிரத்து அறுநூறு பார்.
கண்ணாடிக்குப் பின்னால்
எட்டுத் துளையிலிருந்தும் வெண்மூட்டம்.
ஆயிரம் முறை பீய்ச்சியதைக் கூட்டி
ஒரு முறைக்கு எத்தனை கன மில்லிமீட்டர் என்று
திரையில் எண் விழும்.
நூற்று எண்பத்திரண்டு.
நூற்று எழுபத்தொன்பது.
முழுச் சுமை, பாதிச் சுமை, வெற்றோட்டம்,
கடைசியில் முன்துளி:
பெரிய பீய்ச்சலுக்கு முன்னால் வெறும் மூன்று,
தும்மலுக்கு முன் மூக்கு நமநமப்பதைப் போல.
திரும்பி வழியும் எண்ணெய்க்குத் தனிக் கணக்கு.

மூன்றாவதின் முறை வந்தபோது
தேநீரை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.
தேறியது.
கொஞ்சம் கை தாராளம், அவ்வளவுதான்.
ஐந்தாவது கொஞ்சம் கஞ்சம்.
இரண்டுமே வரம்புக்குள்.

நம்பவில்லை.
கோட்டுப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்,
பிஷ்கெக் சந்தையில் வாங்கியது.
பெட்டியில் சிவப்பில் அச்சிட்டிருந்தது:
முப்பது சதவீதம் கூடுதல்.
எதைவிடக் கூடுதல்?
எந்த அழுத்தத்தில், எவ்வளவு நேரம் திறந்திருக்கையில்?
பெட்டிக்குத் தெரியவில்லை.
மாட்டிப் பார்த்தேன்.
முழுச் சுமையில் ஊற்றித் தள்ளியது,
வெற்றோட்டத்தில் பல் முளைக்கிற குழந்தைபோல் வாய் ஒழுகியது.
எண்களை அந்தச் சிவப்பு எழுத்தின் மேலேயே எழுதி
பெட்டியைத் திருப்பித் தந்தேன்.

இரண்டு இன்ஜெக்டர் ஒன்றுபோல் பிறப்பதில்லை.
தொழிற்சாலைக்கும் அது தெரியும்.
அதனால்தான் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறி பொறிக்கிறார்கள்,
எழுத்தும் எண்ணுமாக,
இவன் இங்கே கூட்டுவான், அங்கே குறைப்பான் என்று.
எஞ்சினின் கணினி அதைப் படித்து
தாராளக்காரனுக்கு நேரத்தைக் கொஞ்சம் கிள்ளும்,
கஞ்சனுக்குக் கொஞ்சம் சேர்க்கும்.
குறையைத் திருத்துவதில்லை,
தெரிந்து வைத்துக்கொள்கிறது.
என் கணவரும் நானும்
இருபது வருடம் ஓட்டுவது இப்படித்தான்.

மாலையில் அவர் முற்றத்துக்குப் போனேன்.
லாரியின் வயிற்றில் கம்பியைச் செருகி
அது மனப்பாடம் செய்திருந்த ஆறு குறிகளையும்
வரிசையாக வாசித்தேன்.
மூன்றின் இடத்தில் ஐந்தின் குறி.
ஐந்தின் இடத்தில் மூன்றின் குறி.
தாராளக்காரனிடம் இன்னும் கொடு என்றும்
கஞ்சனிடம் போதும் என்றும்
வேனிற்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"இதையெல்லாம் யார் கழற்றியது?"

காற்று மட்டும் சத்தம் போட்டது.
"ஏப்ரலில்," என்றார் கடைசியில்,
"மண்ணெண்ணெயில் கழுவினேன்.
எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தது."

எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பூட்டினார்,
இந்த முறை வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
நான் குறிகளை இடம் மாற்றித் தட்டினேன்.

"அப்படியானால் எதுவுமே கெடவில்லையா?"
குரலில் ஏமாற்றம்.
கெட்ட ஒன்றைக் கையில் வாங்கி
தூக்கி எறிய ஆசைப்பட்டிருக்கிறார் மனிதர்.

ரசீதில் உதிரிபாகம் என்ற இடத்தில் கோடு போட்டேன்.
சோதனை, ஆறு.
பெயர் மாற்றம், இரண்டு.
மூன்று முறை படித்துவிட்டுக் காசை எண்ணினார்.

சாவியைத் திருப்பினார்.
ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு:
காதால் பிரிக்க முடியாது,
பிரிக்க முடியாவிட்டால்தான் சரி.
புகை வந்ததா என்று கேட்டார்.
கொஞ்சம் வந்தது.
நிறம் பார்ப்பதற்குள் உலான் அதை
ஏரிப்பக்கம் கொண்டுபோய்விட்டது.