முழங்கால் உயரம்

படம் மாட்டுவது என் பிழைப்பு.
டிரில், ரசமட்டம், நாலு வகை ஆணி,
ஒரு மடக்கு ஏணி.
கலையைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்,
சுவரைப் பற்றிக் கேளுங்கள்.

இந்தச் சுவர் தஞ்சோங் தோக்கோங்கில்,
கடலைத் தூர்த்து எழுப்பிய நாற்பத்தொரு மாடியின்
வரவேற்புக் கூடத்தில்.
பளிங்கு ஒட்டாத ஒரே சுவர்.
படம்: சேற்றுவெளி, காலை, வற்றம்.
நாலடிக்கு இரண்டடி.
மூலையில் சின்னதாய் ஒரு ‘த’.

த என்றால் தவமலர்.
லோரியில் அவரும் வந்தார்.
எழுபத்தாறு வயது, ரப்பர் செருப்பு.
படத்தைப் பின்னால் போட விடவில்லை.
எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது,
தூங்கிப்போன பிள்ளை மாதிரி.

கெர்னியில் நெரிசல். அதனால் பேச்சு.
பதினெட்டு வயதில் நில அளவை இலாகா,
வரைபடம் நகலெடுக்கும் வேலை.
கடற்கரை என்றால் ஒற்றைக் கோடு,
நீல மசி, நடுங்கக் கூடாது.
“ஆறு நாள் பொய்யை வரைந்தேன்” என்றார்,
“ஏழாம் நாள் நேரில் பார்க்கப் போனேன்.”

பார்த்தால் அங்கே கோடே இல்லை.
ஆறு மணிக்குக் காலடியில் கிடந்த கரை
எட்டு மணிக்கு
கெராங் பொறுக்குகிறவர்களையும் தாண்டி
அரை மைலுக்கு அப்பால்.
முப்பத்தோரு வருஷம்
அந்த அரை மைலைத்தான் தீட்டியிருக்கிறார்.
கொடிமலையை வரையேன் என்றவர்களிடம்
“அது எங்கே ஓடிவிடப் போகிறது” என்றாராம்.

சேறு பழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.
போர்வை விலகிய இடத்தில் ஊதா இருந்தது,
அரிசி களைந்த தண்ணீர் இருந்தது,
மீன் செவுளைத் தூக்கினால் தெரியுமே,
அந்தச் சிவப்பு, ஒரே ஒரு பொட்டு.
பழுப்பு எங்கே என்றேன்.
“ட்யூப் வீட்டில் இருக்கு. இன்னும் மூடி திறக்கல.”

பூஞ்சை பிடிக்காமலிருக்க
காகிதங்களை பிஸ்கட் டின்னில்
வறுத்த அரிசியோடு அடைத்து வைப்பாராம்.
ஒரு நவம்பரில், சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில்,
அந்த அரிசியையே கஞ்சி காய்ச்சிக் குடித்தாராம்.
காகிதத்தில் பூஞ்சை வந்துவிட்டது.
“மேகம் என்று விட்டுவிட்டேன்.”

கூடத்தில் ரசமட்டம் வைத்தேன்.
படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடி.
அதுதான் வழக்கம்.
“கீழே” என்றார்.
இறக்கினேன்.
“இன்னும்.”
இடுப்பு.
“இன்னும்.”
பென்சில் குறி என் முழங்காலில் நின்றது.

“நியாயமாய்ப் பார்த்தால்
இதை எட்டடி கீழே, கார் நிறுத்துமிடத்தில் மாட்டணும்.
பெருக்கு வந்தால் தண்ணி அங்கேதான் நின்னுச்சு.
உனக்காக முழங்கால்வரை விட்டுக்கொடுக்கிறேன்.”

துளை போட்டேன். ஆணியும் இறங்கிவிட்டது.
அப்போதுதான் மிஸ்டர் டியோ வந்தார்,
கையில் டேப்லெட்,
டேப்லெட்டில் ‘பார்வை உயரம்’.
கூலி கொடுப்பவர் அவர்.
ஐந்தடியில் வேறு இரண்டு துளை போட்டேன்.

தவமலர் சண்டை போடவில்லை.
படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார்.
கார்கள்.
விரித்துவிட்ட புல்.
முட்டுக்கொடுத்து நிறுத்திய பனைகள்.
“மணி என்ன?”
பத்தே கால் என்றேன்.
விரலில் ஏதோ எண்ணினார்.
“வற்றம்.”

நூற்றிருபது ரிங்கிட். கையெழுத்து.
அவரைப் பேருந்து நிறுத்தத்தில் இறக்கினேன்,
வீடுவரை வருகிறேன் என்றதற்குத் தலையாட்டிவிட்டார்.

பழைய துளையை அடைத்து
வெள்ளை பூசச் சொல்லியிருந்தார் டியோ.
பூசவில்லை.
சோபாவை இழுத்து மறைத்தேன்.
அதற்குப் பின்னால்,
முழங்கால் உயரத்தில்,
மட்டம் இம்மியும் பிசகாமல்
இரண்டு ஆணிகள் இருக்கின்றன.

வருகிற தண்ணீர்
எதையாவது மாட்டிக்கொள்ளட்டும்.