எந்தப் பெட்டி

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி.
வெள்ளைப் பலகையின் நடுவில்
'நீடிப்பு' என்று எழுதி ஒரு வட்டம் போட்டேன்.
என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

யூனிட் கணக்குப்பா அது, என்றார் ஒச்சப்பன்.
சர்வர் குடிக்கிற மின்சாரம்,
கரண்ட் போனால் ஜெனரேட்டர் குடிக்கிற டீசல்.
மீதியெல்லாம் பேச்சு.

ஜெபக்கனி மார்க்கரைப் பிடுங்கினாள்:
நான் போன பிறகு வருகிறவன்
என் நிரலைத் திறந்து
என்னைத் திட்டாமல் ஒரு வரி மாற்ற முடியுமா,
அதுதான்.

பர்வீன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வந்து
'ஆள்' என்று மட்டும் எழுதிவிட்டுப்
போய் உட்கார்ந்தாள்.

நாள் பூரா அம்பு வரைந்தோம்.
இது அதன் வகையா, அதன் பாகமா?
பழைய கணினியைத் தூக்கி எறியாதிருப்பது
சிக்கனமா, கஞ்சத்தனமா?
டீ ஆறியது, இன்னொரு டீ வந்தது, அதுவும்.
அவசரத்தில் ரெங்கராம் எழுதிய 'வகை'யில்
ஒரு சங்கிலிக்கொம்பு கூடுதலாக விழுந்து
வைகை ஆகிவிட்டது.
சரிதான், அந்தப் பெட்டியிலும் அன்று
எதுவும் ஓடவில்லை.
யாரும் அழிக்கவும் இல்லை.

ஆறு மணிக்கு
எந்த அம்பும் தொடாமல் ஒரு பெட்டி மிச்சம்:
இரவு இரண்டு மணிச் சோதனை ஓட்டம்.
தரத்துக்கு என்று ஒச்சப்பன் நினைத்திருந்தார்.
சர்வர்காரர்கள் கேட்டதாக ஜெபக்கனி.
ரெங்கராம் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினான்:
கேட்ட வாடிக்கையாளர் கடையை மூடி
நாலு வருஷம்.

ராத்திரிதோறும் நாற்பது நிமிஷம்
யாரும் திருத்தாத பரீட்சையை
எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது இயந்திரம்.
தோற்றால் அடிக்கிற மணி மட்டும்
செல்லூரில், பர்வீன் தலைமாட்டில்.

எழுப்புகிறதென்று ஏன் சொல்லவில்லை, என்றேன்.
சொன்னேன்.
'அறிவிப்புகள்' என்ற தலைப்பில் போட்டு
நீங்கதான் மூடினீங்க.

நிறுத்தினோம்.
ஒச்சப்பன் மிச்சமான யூனிட்டைக் குறித்துக்கொண்டார்.
ஜெபக்கனி நூற்றுப் பதினேழு வரிகளை நீக்கினாள்,
வெண்டைக்காய்க் காம்பு நறுக்குகிற வேகத்தில்.

மறுநாள் பத்தரைக்கு வந்தாள் பர்வீன்,
கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.
மார்க்கரோடு நின்றேன்,
இந்தக் கோட்டிலிருந்து
எந்தப் பெட்டிக்கு அம்பு போடுவது?

இப்போதைக்கு
வைகைக்குப் போடு, என்றான் ரெங்கராம்.