எட்டாம் மாடி வழியாக

குத்தாயிசியில் பிப்ரவரி மழை.
காசு போட்டால் மட்டும் ஏறும் லிஃப்ட்.
எட்டாம் மாடி ஜுஜுனாவின் ரூட்டரிலிருந்து
ஜன்னல் வழியே ஒரு நீலக் கேபிள்
ஒன்பதாம் மாடி லம்சிராவின் ரூட்டருக்குப் போகிறது.
குளியலறைக் கசிவுக்குப் பிறகு
இருவருக்கும் பேச்சில்லை.
கேபிளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

மொட்டைமாடியில் லம்சிராவின் தேனீப் பெட்டி.
அடியில் ஓர் எடை எந்திரம்.
போலந்தில் லாரி ஓட்டும் ஒதாருக்கு
அந்த எடை போனில் தெரிய வேண்டுமாம்.
"அவ்வளவுதானே?"

அவ்வளவு இல்லை.
இரண்டு ரூட்டரும் உள்ளே ஒரே எண்ணில் குடியிருந்தன:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று.
மேலே இருந்ததை ஏழாக்கினேன்.
எந்திரம் அனுப்புகிற சொல்
முதல் வாசலில் தன் பெயரைக் கழற்றிவிட்டு
லம்சிராவின் பெயரில் இறங்கும்.
அடுத்த வாசலில் அதையும் கழற்றி
ஜுஜுனாவின் பெயரில் ஊருக்குள் போகும்.
பதில் வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று
வாசலுக்கு வாசல் ஒரு குறிப்பு உண்டு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால்
குறிப்பு அழிந்துவிடும்.
கூப்பிடாமல் வெளியிலிருந்து வருகிறவனுக்கு
இங்கே யாருமே இல்லை.

மேல் கதவைத் திறந்தேன். போர்ட் எட்டாயிரத்து எண்பத்தொன்று.
கீழ்க்கதவு ஜுஜுனாவுடையது.

செருப்பைக் கழற்றச் சொன்னாள்.
பாஸ்வேர்டைச் சொல்லாமல் தானே தட்டினாள்.
இந்த எண்ணுக்கு வருவதையெல்லாம் மேலே அனுப்பு
என்று எழுதிச் சேமித்தேன்.
போனில் வைஃபையை அணைத்து
வெளியாளாகி ஒருமுறை தட்டினேன்.
பத்தொன்பது கிலோ நானூறு.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள்
"போன வருஷம் இதே வாரம் இருபத்தாறு" என்றாள்.
அப்புறம் அடுப்பிடம் சொல்வது போல:
"சர்க்கரைக் கட்டி வைக்கச் சொல்.
நான் சொன்னதாகச் சொல்லாதே."

படியேறிப் போய்
என் பெயரில் சொன்னேன்.
லம்சிரா ஏற இறங்கப் பார்த்தாள்.
தேனீயைக் குளவி என்றவன் நான்,
காலையில்தான் சிரித்திருந்தாள்.

"இருபத்தாறா?" என்றாள்.
எண்ணை நான் சொல்லவே இல்லை.

கூலியோடு இரண்டு ஜாடித் தேன்.
"ஒன்று உனக்கு."
மற்றது யாருக்கென்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
குறிப்பு அழியுமுன்
ஒரு மாடி இறங்கினேன்.