திறப்புக் கோர்வை

மார்கழி பிறந்தால் கொழும்பு புறப்பட்டுவிடும்.
மெல்பேர்ணுக்கு, மார்க்கத்துக்கு,
மகளின் பிள்ளைப்பேற்றுக்கு,
ஒன்றுமில்லாவிட்டால் நுவரெலியாவுக்கு,
குளிரைக் காசு கொடுத்துப் பார்த்துவர.
விட்டுப்போனவை என்னிடம்:
ஒன்பது திறப்புகள், மூன்று நாய்கள், ஐந்து பூனைகள்,
ஒரு கிளி,
மூக்கால் கண்ணாடியை இடித்துக்கொண்டே இருக்கும் ஓர் ஆமை.

காலை ஐந்தேகால்.
கடலில் இருந்து வருவதா மலையில் இருந்து வருவதா என்று
முடிவெடுக்காமலே பெய்கிறது வெள்ளவத்தை மழை.
ரிஸ்மியா வீட்டுப் பூனைக்கு இன்சுலின், இரண்டு அலகு.
கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிக் குத்தும்போது
அது என்னைப் பார்ப்பதேயில்லை.
கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்து
நான் புறப்படும் நேரம்
என் செருப்புக்குள் பெய்துவிடும்.

கிருலப்பனையில் டி அல்விஸ் வீட்டு நாய்க்குச்
சிங்களம் மட்டும்தான் விளங்கும்.
முதல் நாள் குரைத்தபோது
"என்ன?" என்றேன்.
ஓடிவந்து காலடியில் இருந்தது.
அதன் மொழியில் அது 'வா'.
இப்போது போனில் தங்கச்சியோடு
"என்ன? என்னவாம்? என்ன சொன்னவர்?" என்று கதைத்தால்
மூன்று தரம் எழும்பி வருகிறது,
மூன்று தரம் பெருமூச்சு விட்டுப் படுக்கிறது.
நான் கேள்வி கேட்டால்
கூப்பிடுகிறேன் என்று நம்பும் ஓர் உயிராவது
இந்த ஊரில் இருக்கிறது.

பம்பலப்பிட்டிக் கிளி
வாட்ஸ்அப் அழைப்பின் ஒலியைப் பழகி வைத்திருக்கிறது.
மீன் கழுவின கையோடு ஓடிப்போய்
இருண்ட திரைக்கு முன்னால் நிற்பேன்.
தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்,
யார் என்று நினைத்தாய் என்பதுபோல.

ஓட்டோக்காரர் கேட்கிறார்:
"நாய்க்குச் சோறு வைக்கவோ இந்த மழையில போறீங்கள்?
மனுசருக்கு வைக்க ஆளில்லை."
மீட்டர் பழுது என்கிறார், பிறகு.

நாலாம் மாடியில் மேஜர்.
பதினாலு வயது, ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது.
லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு தரமும் காது நிமிரும்.
வந்தது நான் என்றால்
காது விழும்; வால் மட்டும்
மரியாதைக்கு இரண்டு தரம் ஆடும்.
ரொறன்ரோவில் இருந்து சுகிர்தா அக்கா எடுத்தார்.
மைனஸ் பதினெட்டாம். யன்னலுக்கு வெளியே
பார்க்கிங்கில் நின்ற கார்கள் எல்லாம்
வெள்ளைச் சோற்றுக் குவியல்கள்.
"அங்க குளிரோ?"
"செருப்பு நனைஞ்சிட்டுது, அக்கா" என்றேன்.
அவர் "மேஜர், என்ர குஞ்சு" என்றதும்
கிழவன் எழும்பித்
தொலைபேசியின் பின்பக்கம் போய்த் தேடினான்.
அங்கே என் கை இருந்தது.
மணந்துவிட்டுத் திரும்பினான்.

முப்பத்தோராம் திகதி இரவு
மூன்று வீடு முடித்து அவனிடம் போனேன்.
பன்னிரண்டுக்குப் பத்து இருக்கவே தொடங்கிவிட்டது வெடி.
குளியலறைக்குள் கூட்டிப்போய்க்
கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டேன்.
ஈரத் தரையில் இருவரும்.
சத்தத்துக்குப் பதுங்குவது
நான் புதிதாகப் பழகவேண்டிய தொழில் இல்லை.
"வாயைத் திறந்து வைச்சிரு, காதுக்கு நல்லது"
என்று சொல்லிவிட்டேன், நாய்க்கு.
அவன் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தான்.
வாளி நிறைந்து வழிந்து
புது வருடம் என் பாவாடையை நனைத்தது.

இரண்டாம் திகதி செய்தி வந்தது:
ரிக்கெற்றை மாத்திட்டம், இன்னும் மூன்று கிழமை,
பிறகு பார்ப்பம்.
சரி அக்கா, என்று எழுதினேன்.
பை அடியில் மிஞ்சிய சாப்பாட்டைக்
கோப்பையால் அளந்தேன்: பதினொரு நாள்.
லிஃப்ட் நின்றது. மூன்றாம் மாடி.
அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

பத்தாவது திறப்பு என்னுடையது.
தெகிவளையில், பின்பக்கத்து ஒற்றை அறை.
மழைக்கு ஊதிய கதவு; தோளால் தள்ளவேண்டும்.
மச்சம் சமைக்கலாம், பிராணிகள் கூடாது
என்பது ஒப்பந்தம்.
படலையில் நின்று மயிர் தட்டுகிறேன்,
வெள்ளை, கபிலம், நரை.
வீட்டுக்காரம்மா மூக்கைச் சுருக்குகிறார்:
"உங்களிட்ட ஏதோ மணக்குது, பிள்ளை."

மழை, அக்கா, என்கிறேன்.