பலகை மேல் ஒரு குளம்பு

லொறிச் சத்தத்துக்கே அவள்
வேலியோடு போய் ஒட்டிக்கொண்டாள்.
வேலணை, செபமாலையின் வளவு.
செம்பட்டை நிறக் குதிரை, பின்னங்காலில்
முள்ளுக்கம்பி கிழித்த புண்,
அதற்கு மேல் ஈ.

நான் அதுவரை ஏற்றியவை
வெங்காயம், சீமெந்து, கலியாண வீட்டுக் கதிரைகள்,
ஒருமுறை ஒரு சவப்பெட்டி, வெறுமையாக.
எதுவும் என்னை ஏனென்று கேட்டதில்லை.

டிலக்சன் கயிற்றை இழுத்தான்.
அவள் இழுத்தது அதைவிடக் கூட.
செபமாலை தடியோடு பின்னால் வந்தார்.
கால்நடை டொக்டர் நிருத்திகா தடியை வாங்கிக்
கிணற்றடியில் சாத்திவிட்டுச் சொன்னா:
"இண்டைக்கு ஏத்த வேண்டாம்.
லொறி சும்மா நிக்கட்டும்."
சும்மா நிற்கிற லொறிக்கு
ஒரு நாள் வாடகை எவ்வளவென்று
நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு குளம்பை வைத்தாள்.
பலகைக்குக் கீழே வெறும் காற்று.
டங் என்றது.
பாய்ந்து பின்வாங்கியதில் டிலக்சனின் உள்ளங்கை உரிந்தது.
பங்கர் மூடிய தகரமும் அப்படித்தான் ஒலிக்கும்,
தலைக்கு மேல் யாரும் நடந்தால்.

சாக்குகள் விரித்தோம்.
சாக்கின் மேல் மணல்,
மணலின் மேல் கரையில் அள்ளிய காய்ந்த சாதாளை.
பின்சில்லைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினேன்,
பலகையின் சரிவு பாதியாயிற்று.
முன்பக்கத் தறப்பாளையும் அவிழ்த்தேன்.
இருட்டாயிருந்த இடத்தில்
இப்போது ஒரு துண்டுக் கடல்.

மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் பசி.
வேறு நிழல் இல்லை.
லொறிக்குள்ளேயே சம்மணமிட்டுப்
பார்சலை அவிழ்த்தேன்:
சோறு, சொதி, பயத்தங்காய்க் கறி.
முதுகுக்குப் பின்னால் சாக்கு அரைபடும் சத்தம்.
திரும்பவில்லை.
பிடரியில் சூடாய் ஒரு மூச்சு,
தோளில் எச்சில்.
டிலக்சன் கூடப் போனை எடுக்கவில்லை.

"பூட்டட்டோ?" செபமாலையின் கை கொளுக்கியில்.
"வேண்டாம். அவ வெளிய போகட்டும்."
போனாள். வந்தாள்.
பொழுதுபடும்வரை ஆறு தரம் ஏறி
ஆறு தரம் இறங்கினாள்,
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாவது தரம்
உள்ளே நின்றபடியே ஒரு பின்னங்காலைத் தளர்த்தி மடித்தாள்.
அது நல்ல குறி என்றா டொக்டர்.

என்னை ஒருநாள் ஏற்றினார்கள்.
கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள்.
எங்கே என்று கேட்டவனுக்கு அடி விழுந்தது,
அதனால் நான் கேட்கவில்லை.
இதை வீட்டிலும் சொன்னதில்லை.
இங்கேயும் முழுதாய்ச் சொல்லவில்லை.

நாலாம் நாள் விடிய முதல் வெளிக்கிட்டோம்.
கயிறு, தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடிய நீளம்.
வாய்க்கு எட்டும் தூரத்தில் புல்லுக் கட்டு.
இருக்கைக்கு முன்னால் ஒரு கிளாஸ் பிளேன்ரீ வைத்தேன்,
அது தளும்பாமல் ஓட்டினேன்.
பிரேக்கைத் தூரத்திலேயே நினைத்தேன்,
வளைவுகளுக்கு முன்கூட்டியே மரியாதை செய்தேன்.
பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்று;
குறிகட்டுவான் பஸ் பின்னால் ஹோர்ன் அடித்தது.
அடிக்கட்டும்.
கண்ணாடியில் அவள் காது மட்டும் தெரிந்தது,
ஒன்று கடலுக்கு, ஒன்று எனக்கு.
ஆஸ்பத்திரி வீதியில் ரீ ஆறிப் போயிருந்தது,
சொட்டும் சிந்தவில்லை.

திருநெல்வேலியில் கதவைத் திறந்தோம்.
பலகை இறக்கி, சாக்கும் விரித்தாயிற்று.
அவள் அசையவில்லை.
புல்லை மென்றபடி எங்களைப் பார்த்தாள்.
"இப்ப என்ன செய்யிறது?" டிலக்சன் கேட்டான்.
டொக்டர் என்னைப் பார்த்தா.
அன்றைக்கு நான் சாப்பாடு கட்டி வரவில்லை.
வெறுங்கையோடு ஏறிப்போய்
அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.