பதினேழு நிமிடம்

தடம் என்றால் இரும்பு என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து
ஆலப்பாக்கம் வரைக்கும் பதினேழு நிமிடம்,
அதுதான் தடம்.
வரைவு விதி நான்காம் பக்கம் அப்படித்தான் சொல்கிறது:
விண்ணப்பித்தவர் யாரானாலும், கட்டணம் கட்டியிருந்தால்,
பாகுபாடில்லாமல்
நேரத்தைப் பங்கிட்டுக் கொடு.
தன் நேரத்தைத் தவறவிட்ட வண்டி
அடுத்தவர் நேரத்தில் கை வைக்கக் கூடாது.

நியாயம்தான்.
ரேஷன் கடை வரிசையில் நானே இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

சோதனை முறையில் அது வந்த மூன்றாம் நாள்,
காலை ஆறு ஐந்து.
சிப்காட் பக்கமிருந்து காற்று,
தொண்டையில் ஒட்டுகிற காற்று.
மூன்றாம் லூப்பில் கன்டெய்னர் வண்டி,
நாற்பத்தைந்து பெட்டி, காரைக்காலுக்கு.
ஆறு பத்து அவர்களுடையது,
முன்பணம் கட்டி வாங்கிய ஆறு பத்து.
கம்பெனி ஆள் மெர்வின் என் மேசைக்கு எதிரே நின்றான்.
கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான்.
அங்கே கப்பல் தவறினால்
இங்கே அவன் சம்பளம் தவறும்.

மயிலாடுதுறை பாசஞ்சர் ஐந்து ஐம்பதுக்கே போயிருக்க வேண்டும்.
பண்ருட்டியில் யாருக்கோ வழிவிடச் சொல்லி நிறுத்தியதில்
ஆறு ஒன்பதுக்குத்தான் வந்தது.
பிளாட்பாரத்தில் சோனாங்குப்பத்துப் பெண்கள்.
சங்கராக் கூடைகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி
மஞ்சள் கோட்டைத் தாண்டித் தண்டவாளத்துக்குப் போனது,
அனுமதி கேட்காமல்.
தனவள்ளி ஜன்னலில் முகம் வைத்தாள்:
"சிதம்பரத்துல எட்டு தாண்டுனா பாதி வெலதாம்மா."

விதியில் அவளைத் தேடிப் பார்த்தேன்.
வண்டி நடத்துகிறவர் உண்டு, சரக்குக்காரர் உண்டு.
ஏறுகிறவள் இல்லை.

ஆலப்பாக்கத்தில் அன்றைக்கு ட்யூட்டி கலியமூர்த்தி.
போன் போட்டு,
"இன்னும் நாலு நிமிஷம் எடுக்காதீங்க" என்றேன்.
எடுக்காத போனில் அவர் சிரித்தார்.

ஆறு பதினான்கு.
இப்போது இரண்டு வண்டியும் நேரம் தவறியவை.
இரண்டும் தவறினால் பழைய வழக்கம்: ஆட்கள் முதலில்.
பச்சை விழுந்தது.
கூடைகள் ஏறின.
மெர்வின் ஒன்றும் பேசவில்லை. போய்
தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினான்.
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
ஆலப்பாக்கம் பதில் இல்லை.

சாமர்த்தியமாய்த்தான் இருந்தது
ஒன்பது நாள் வரைக்கும்.

பத்தாம் நாள் பாசஞ்சர் சரியான நேரத்தில்
பண்ருட்டிக்கு வந்து முப்பத்திரண்டு நிமிடம் நின்றது.
முன்னால் ஒரு சிமென்ட் வண்டி போனது.
அதன் முதலாளிக்கு மேலே யாரையோ தெரியும் என்று
பாயின்ட்ஸ்மேன் பாவாடைராயன் சொன்னார்.
காரணம் கேட்டேன். படித்துக் காட்டினார்கள்:
நெல்லிக்குப்பம் பதில் இல்லை.

வேறு கையெழுத்து. ஆனாலும்
பார்த்ததும் தெரிந்தது, என் பிள்ளை.

தனவள்ளி அன்றும் ஜன்னலுக்கு வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
கூடை மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டு
வெயிலிலேயே உட்கார்ந்தாள்.

கருத்துத் தெரிவிக்க இன்று கடைசி நாள்.
ஆணையத்துக்கு எழுதுகிறேன்:

விதி இருக்கட்டும், கெட்டியாகவே.
நல்ல மனசில் எடுக்காமல் விடுகிற போனும்
அதில் குற்றமாகவே இருக்கட்டும்;
ஒன்பது நாளில் அது எந்த மனசுக்குப் போகும் என்று
யாருக்கும் தெரியாது.
நான்காம் பக்கம், பதினோராம் வரி மட்டும்:
"தவறவிட்ட" என்றிருக்கிறது.
நிறுத்தி வைக்கப்பட்ட வண்டி
எதையும் தவறவிடவில்லை ஐயா.
அந்த நிமிடங்களை
நிறுத்தியவர் கணக்கில் எழுதுங்கள்.
ஏறுகிறவளுக்கும் எங்காவது ஒரு வரி.

கீழே பெயர், பதவி.
அதற்கும் கீழே, அந்தக் காலை நான் செய்ததையும்
நேரத்தோடு எழுதினேன்.

உறையை ஒட்டுமுன் மணி அடித்தது.
ஆலப்பாக்கம்.

முதல் மணியிலேயே எடுத்தேன்.